எங்களைத் தூங்க விடுங்கள்

(உலக செவிலியர் நாளையொட்டி, செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வாழ்த்துரைகள் நீண்டுவிட்டன, நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டின் தொடக்கம். சீனாவின் ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா என்று ஒரு பெரிய நகரம். அங்கே உள்ள சியாங்யா இரண்டாம் மருத்துவமனையில் கொரோனா நோயாளிகள் வந்து சேர ஆரம்பித்த நேரம். நிர்வாகம் நல்ல நிர்வாகம். ஊழியர்கள் மனம் உடைந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்து, உளவியல் நிபுணர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். இணையவழி வகுப்பு, தொலைபேசி ஆலோசனை, மன அழுத்தம் தணிக்கக் கூட்டாகச் செய்யும் பயிற்சிகள் என்று எல்லாம் தயார்.

ஊழியர்கள் வரத் தயங்கினார்கள். சில செவிலியர்கள் எரிச்சலாக இருந்தார்கள், படபடப்பாக இருந்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னாலும் உட்கார மாட்டேன் என்றார்கள். பேசலாமா என்று கேட்டால், எங்களுக்கு ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். சரி, ஏன் என்று கேட்போம் என்று 13 ஊழியர்களை உட்காரவைத்து ஆளுக்கு அரை மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். அப்போது வந்த பதில்கள் மருத்துவ உலகின் முக்கியமான இதழான லான்செட் சைக்கியாட்ரியில் அந்த பிப்ரவரியிலேயே வெளியாயின. எங்களுக்கு நோய் வந்துவிடுமே என்பது அவர்களுடைய முதல் பயமாக இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்பதுதான் பயம். தனிமை வார்டில் இருக்க மாட்டேன் என்று சண்டை போடும் நோயாளியை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. கவச உடை போதுமா என்று தெரியவில்லை. மனநல நிபுணர் வேண்டாம், இடையில் யாரும் எழுப்பாமல் கொஞ்ச நேரம் ஓய்வும், போதுமான பாதுகாப்புப் பொருள்களும் கொடுங்கள் என்று பலர் சொல்லியிருந்தார்கள்.

அந்த நிர்வாகத்தை நான் மெச்சுவது இதற்குப் பிறகு செய்த காரியத்துக்காக. வீட்டுக்குப் போகாமல் தனியாகத் தங்கி ஓய்வெடுக்க இடம் ஏற்பாடு செய்தார்கள். சாப்பாட்டுக்கும் அன்றாடத் தேவைகளுக்கும் பொறுப்பேற்றார்கள். வார்டுக்கு அனுப்பும் முன் பயிற்சி கொடுத்தார்கள். ரகளை செய்யும் நோயாளியைச் சமாளிக்கக் காவலர்களை நிறுத்தினார்கள். ஊழியர்கள் தங்கள் வேலையை வீடியோ எடுத்துக் குடும்பத்துக்கு அனுப்பவும் உதவினார்கள், வீட்டிலிருப்பவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று. உளவியல் நிபுணர்கள்? அவர்களும் போனார்கள். தங்கள் அறையில் காத்திருக்காமல், ஊழியர்கள் ஓய்வெடுக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். அப்போதுதான் பேச்சு வந்தது.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, பெருந்தொற்றில் மருத்துவப் பணியாளர்களின் மன உறுதி. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் மூச்சுப் பயிற்சியில் ஆரம்பிப்பது வழக்கம். நான் டூட்டி சார்ட்டில் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒருவருடைய மன உறுதி எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் பெரும் பங்கு அந்தத் தாளில்தான் இருக்கிறது.

பணிச் சோர்வு என்று நாம் சொல்வதைச் சாதாரண அலுப்போடு சேர்த்துவிடக் கூடாது. அலுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் போய்விடும். அமெரிக்காவின் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இல் இதை அளக்க ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். மூன்று விஷயங்களை அது கேட்கிறது. உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்ற வறட்சி ஒன்று. எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது இன்னொன்று. நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் மூன்றாவது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பட்டியலில் விளக்கியபோது, நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்ட கால அழுத்தத்தின் விளைவு என்று எழுதியது. கையாள வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது விஷயத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது: "அந்த நர்சம்மா மூஞ்சி கொடுத்தே பேசலைங்க, எரிஞ்சு விழுந்தாங்க." பொய்யில்லை, நடக்கிறதுதான். முப்பது நோயாளிகளுக்கு ஒரு சிஸ்டர் இருக்கும் வார்டில், இரவு இரண்டு மணிக்கு, "பதினாலாம் பெட்டு, ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு" என்று குரல் கேட்கும்போது, அவர் மனதில் எழுவது பதினான்கு என்ற எண் மட்டும்தான். அந்தப் படுக்கையில் கிடப்பவர் ஒரு தறிக்காரர், இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேஸ் ஷீட் எழுதியவரே அவர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வராது. வந்தால் அடுத்த இருபத்தொன்பது பேரைப் பார்க்க முடியாது. அதை மனம் தானாகச் செய்துகொள்கிறது. கெட்ட குணம் என்று நாம் புகார்ப் பெட்டியில் எழுதிப் போடுவதில் ஒரு பகுதி, அளக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அறிகுறி. நான் எல்லா எரிச்சலையும் மன்னிக்கச் சொல்லவில்லை. சிலர் நல்லா தூங்கி எழுந்தாலும் அப்படித்தான் இருப்பார்கள்.

இப்போது கனடாவின் டொராண்டோவுக்குப் போவோம். சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று அங்கே பரவிய கதை, நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்கார்பரோ பகுதியில்தான் தொடங்கியது. 2003 மார்ச்சில் ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒருவர் காய்ச்சலோடு வந்தார். ஹாங்காங் போய்த் திரும்பியிருந்த அவருடைய தாயார் அதற்குச் சில நாள் முன்புதான் வீட்டில் இறந்திருந்தார். சார்ஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மற்ற நோயாளிகளோடு சேர்ந்து மணிக்கணக்காகக் காத்திருந்தார். அங்கிருந்து பரவியது. கனடாவில் மொத்தம் 44 பேர் இறந்தார்கள்; அவர்களில் இரண்டு பேர் செவிலியர்கள், ஒருவர் மருத்துவர். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் வேலை செய்தவர்கள். வேலைக்கு வரலாம், வேலை முடிந்தால் நேரே வீடு, வீட்டிலும் முகக்கவசம், குடும்பத்தோடு சேர்ந்து உட்காரக் கூடாது என்று ஒரு தனிமைப்படுத்தல் முறையைக் கண்டுபிடித்தார்கள். நமக்கெல்லாம் பதினேழு ஆண்டு கழித்து வந்தது அவர்களுக்கு அன்றே வந்துவிட்டது.

மே மாதம் நடுவில், எல்லாம் முடிந்தது என்று அவசர நிலையை விலக்கிக்கொண்டார்கள். கவசங்கள் கழன்றன. அடுத்த வாரமே நார்த் யார்க் பொது மருத்துவமனையில் இரண்டாவது அலை வெளிப்பட்டது. அதற்கு முன்பே அங்கிருந்த செவிலியர்கள், இந்த வார்டில் ஏதோ சரியில்லை, சார்ஸ் மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். காதில் வாங்கவில்லை. பின்னர் நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, விரிவான அறிக்கை வந்தது. செவிலியர்களின் எச்சரிக்கை கவனிக்கப்படாமல் போனதை அது பதிவு செய்திருக்கிறது. களைப்பைவிடப் பெரிய காயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நான் சொன்னேன், கேட்கவில்லை, என் கூட வேலை செய்தவள் படுத்துவிட்டாள் என்ற நினைப்போடு ஒருவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே வார்டுக்குள் நுழைய வேண்டும்.

ராபர்ட் மாண்டர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நோய் அடங்கி ஓராண்டுக்குப் பிறகு, பதின்மூன்றாவது மாதம் தொடங்கி இருபத்தாறாவது மாதம் வரை, இரண்டு தரப்பினரிடம் கேள்விகள் கேட்டார்கள். ஒரு தரப்பு, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த டொராண்டோ மருத்துவமனைகளின் ஊழியர்கள். மற்றது, சார்ஸ் எட்டிப் பார்க்காத பக்கத்து ஊரான ஹாமில்டனின் ஊழியர்கள். டொராண்டோவில் சுமார் 30 சதவீதம் பேரிடம் பணிச் சோர்வு. ஹாமில்டனில் சுமார் 19. நோய் போய் இவ்வளவு காலம் கழித்தும் இந்த வித்தியாசம். டொராண்டோக்காரர்கள் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகக் கணக்கில் இதை யாரும் தொற்றின் செலவு என்று எழுதுவதில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் உபயோகமாகப் பட்டது வேறொன்று. எங்களுக்குப் பயிற்சியும் ஆதரவும் போதுமான அளவு கிடைத்தது என்று உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது. நடந்ததற்குத் தன்னையே நொந்துகொண்டவர்கள், அதைப் பற்றி நினைப்பதையே தவிர்த்தவர்கள் அதிகம் அவதிப்பட்டார்கள். ஆக, தனி மனிதரின் சுபாவத்துக்கும் பங்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சுபாவத்தை மாற்றச் சுற்றறிக்கை அனுப்ப முடியாது. பயிற்சிக்குத் தேதி குறிக்கலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2020 கோடையில் கோவிட் வார்டு எப்படி இருந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குச் சொல்கிறேன். முழுக் கவச உடையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் டூட்டி முடியும் வரை தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. உடையை ஒருமுறை கழற்றினால் வேறு எடுக்க வேண்டும், வேறு இருக்குமா என்பது தெரியாது. அதனால் டூட்டிக்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிலர் டயப்பர் கட்டிக்கொண்டார்கள். மாதவிலக்கு நாள்களைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசவில்லை. உள்ளே ஏசி ஓடாது, ஓடக் கூடாது என்று உத்தரவு. கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். இரண்டு கையுறைக்கு மேல் விரலுக்கு நரம்பு தட்டுப்படாது. நீர் வற்றிப்போன கிழவியின் கையில் ஊசி ஏற்ற மூன்று முறை, நான்கு முறை குத்த வேண்டியிருக்கும், அவர் அழுவார். எல்லோரும் ஒரே வெள்ளையில் ஒரே மாதிரி இருப்பதால் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயரை எழுதிக்கொள்வார்கள். வெளியே வந்து என்-95ஐக் கழற்றும்போது மூக்குத்தண்டில் தோல் உரிந்திருக்கும். வீட்டுக்குப் போனால் பின்கட்டுக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் நிலைப்படி தாண்டுவது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பலர் வீட்டுக்கே போகவில்லை.

இது முதல் அலை. இரண்டாவது அலையின் உச்சத்தில், 2021 மே 21ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற மாதம் அது. படுக்கை கிடைக்கும் வரை ஆம்புலன்சுக்குள்ளேயே ஏறி டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று முடிவு செய்தவர்கள், பாதிக்கு மேல், முப்பது வயது நிரம்பாத பி.ஜி. என்ற முதுநிலை மாணவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இது சோர்வு என்ற கணக்கிலேயே சேராது. தனக்குச் சரி என்று தெரிந்ததைச் செய்ய முடியாத இடத்தில் நின்று, நாள்தோறும் அதையே திரும்பச் செய்வது. போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களிடம் மனநல மருத்துவர்கள் கண்ட அதே புண்.

அந்த பி.ஜி. மாணவர்களுக்கு இன்னொரு கொடுமையும் நடந்தது. 2021 ஏப்ரலில் நடக்க வேண்டிய நீட் பி.ஜி. தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அதன் பிறகு இடஒதுக்கீட்டு வழக்கில் கலந்தாய்வு நின்று, 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. நாடு முழுக்க முதலாண்டு மாணவர்கள் என்றே ஒரு அணி இல்லை. மூன்று பேர் சுமக்க வேண்டியதை இரண்டு பேர் சுமந்தார்கள், அதுவும் இரண்டு அலை கடந்துவந்த தோள்களில். அவர்களுக்கு எந்த யோகா வகுப்பு மூன்றாவது ஆளைக் கொண்டுவந்திருக்கும்?

மருத்துவப் பணியாளர்களுக்காக நாடு கைதட்டியதைப் பற்றியும் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாமெல்லாம் தட்டினோம். மே 3 அன்று ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள் மேல் பூத்தூவினார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். தட்டியவர்களில் பெரும்பாலோர் உண்மையான நன்றியோடுதான் தட்டினார்கள். ஆனால் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஏப்ரல் 19 இருக்கிறது. சென்னையின் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்த நாள். உடலைப் புதைக்கக் கொண்டுபோன ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் ஒரு கும்பல் தாக்கியது, ஓட்டுநர்களுக்கு மண்டை உடைந்தது, குடும்பத்தார் திரும்பி ஓடினார்கள். கடைசியில் அவருடைய நண்பரான எலும்பு மருத்துவர், இரண்டு வார்டு ஊழியர்களோடு நள்ளிரவில் திரும்பிப் போய், வேலங்காடு மயானத்தில் தன் கையால் மண்வெட்டி பிடித்து அடக்கம் செய்தார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை என்று 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் ஏப்ரல் 22 அன்று வந்தது. சட்டம் வந்தது சரிதான். ஆனால் அந்த வாரம் டூட்டிக்குப் போன ஒவ்வொருவரும், நமக்கு ஏதாவது ஆனால் ஊர் நம்மை எங்கே புதைக்கும் என்று ஒருமுறையாவது யோசித்திருப்பார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசினால் தியாகத்தின் தரம் குறைந்துவிடும் என்று சில மேடைகளில் ஒரு கூச்சம் இருக்கிறது. எனக்கு அது இல்லை. 2021 மே மாதம் தமிழக அரசு மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மற்றப் பணியாளர்களுக்கு 15,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நல்ல காரியம். ஆனால், கோவிட் வார்டுகளுக்கென்று ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. புத்தாண்டு அன்று அவர்கள் சேலத்திலும் மற்ற ஊர்களிலும் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வேறு திட்டத்தின் கீழ் வேலை தருகிறோம் என்று அரசு சொன்னது. அதற்கு முந்தைய தலைமுறை, 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், நிரந்தரப் பணி கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடியவர்கள். நாட்டின் பல மாநிலங்களில் ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் 2020 ஆகஸ்டில், தொற்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோதே, இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோவிட் வேலைக்கு அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருது கொடுத்தது. விருது வந்த பிறகும் ஊதியக் கோரிக்கை அப்படியே இருந்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் மன உறுதியைப் பற்றி வகுப்பெடுப்பது, பசித்தவனுக்குச் சமையல் குறிப்பு வாசித்துக் காட்டுகிற மாதிரி.

இவ்வளவு சொன்னதால் மனநல மருத்துவமே தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோர்வு ஒரு கட்டத்தைத் தாண்டினால் நோயாகிவிடும். மனச்சோர்வு நோய்க்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. 2020 பிப்ரவரித் தொடக்கத்தில், சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பேரிடம் எடுத்த கணக்கில் பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நியூயார்க்கில் அவசரப் பிரிவின் தலைமை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சைக்குப் போனது தெரிந்தால் மருத்துவராகத் தொடரும் உரிமம் போய்விடுமோ என்று அவர் பயந்ததாக அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயராலேயே, மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக, 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நம் ஊரில் உரிமத்தைவிட ஊர் வாய்தான் பயம். மனநல ஓ.பி.யில் சீட்டு எழுதுகிறவர் தன் கூடப் படித்தவளாக இருப்பாள்; நாளைக் காலை விஷயம் கேன்டீன் வரை போய்விடும். அதனால் சொல்கிறேன்: டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள். தூக்கமே வராத நாள்கள் தொடர்ந்தால், சாவைப் பற்றிய நினைப்பு வந்தால், டூட்டி சார்ட் மாறும் வரை காத்திருக்காதீர்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது கட்டடம் கட்டும் திட்டம் இல்லை. உங்கள் மருத்துவமனையில், இரவு டூட்டியில் இருப்பவர் ஒரு மணி நேரம் படுக்க, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, பக்கத்திலேயே கழிப்பறை உள்ள அறை இருக்கிறதா? பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா? அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அது இப்போது ஸ்டோர் ரூமாக மாறிவிட்டதா? 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நீண்ட டூட்டிக்கு நடுவில் கருத்தரங்க அறையில் படுத்திருந்த இளம் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டது நாட்டுக்கே தெரியும். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு ஓய்விடம் இல்லாததையும் 36 மணி நேர டூட்டிகளையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. கோவிட் அலைகள் ஓய்ந்து இரண்டு ஆண்டு ஆன பிறகு, படுக்க ஓர் அறை வேண்டும் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சாங்ஷாவில் அதை ஒரு மாதத்துக்குள் செய்திருந்தார்கள், 13 பேரிடம் கேட்டுவிட்டு.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் இருக்கும். எட்டு மணிக்கு நைட் டூட்டி உள்ளவர்கள் முதலில் கேட்டுவிடுங்கள். மற்றவர்களோடு நான் இருந்து பேசுகிறேன்.